ஒன்றரை ஈடு

திண்டிவனத்தில் நடந்த உங்கள் பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த வேதியியல் ஆசிரியர்களுக்கு ஓய்வு பெற்றவர் ஒருவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். மோல் கணக்கை எப்படி நடத்துவது, ஆய்வகத்தில் அமிலக் குப்பியை எங்கே வைப்பது என்று என்னென்னவோ பேசிவிட்டு, போட்ட சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்களில் சிலர் இந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு முதல் தடவையாகப் போவீர்கள். ஒரு மேசைக்கு ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பீர்கள். தலைப்பக்கம் முதன்மைத் தேர்வாளர் ஒருவர் இருப்பார். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்காக முதல் நாளே சண்டை வரும். இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அரை நாளில் பழகிவிடும். எனக்கும் அப்படித்தான் பழகியது. நன்றாகப் பழகியதுதான் வினையாகப் போனது.

நான் கறாரான ஆள் என்று பெயர் வாங்கியவன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப் பெயரை இங்கே எழுத முடியாது. முகாமில் என் பேனா வேகமாக ஓடும். மற்றவர்கள் ஏழாவது தாளில் இருக்கும்போது நான் கட்டை முடித்துக் கட்டிவிட்டு, டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

நான் சொல்லப்போவது விழுப்புரத்தில் ஒரு முகாமில் நடந்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு இருந்த காலம். வெளி மாவட்டத் தாள்கள் எங்களுக்கு வந்திருந்தன. யார் எழுதியது, எந்த ஊர்ப் பிள்ளை, பையனா பெண்ணா, எதுவும் தெரியாது. தாளின் மேல் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான்.

அன்று மதியக் கட்டில் ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐம்பத்தாறு கிராம் நைட்ரஜனும் ஒன்பது கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா தருகின்றன. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எது, எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். இரண்டில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் வினையை நிறுத்தும், அதை வைத்துத்தான் விளைபொருளைக் கணக்கிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய பேஜாரு. பாதிப் பேர் ஐம்பத்தாறையும் ஒன்பதையும் கூட்டி அறுபத்தைந்து என்று எழுதிவிட்டுப் போவார்கள். கிராமில் எது குறைவோ அதுதான் காரணி என்று நினைத்து ஹைட்ரஜன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இந்தக் கணக்கில் அது குருட்டாம்போக்கில் சரியாகவும் வந்துவிடும். அதனால்தான் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள், மோல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள் என்று விடைக்குறிப்பில் சொல்லியிருந்தார்கள்.

கட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ ஒரு தாள். முக்கால்வாசி வெறும் பக்கங்கள். கரிம வேதியியல் பக்கமே பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தது. முதல் வரியில் சமன்பாடு சரியாக இருந்தது. அடுத்து இப்படி இருந்தது:

"ஒரு ஈட்டுக்கு நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 6. அம்மோனியா 34 வரும். நைட்ரஜன் இரண்டு ஈட்டுக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் ஒன்றரை ஈட்டுக்குத்தான் இருக்கிறது. ஒன்றரை ஈட்டோடு நின்றுவிடும். அம்மோனியா 51."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் காட்டினேன். இட்லிப் பாத்திரத்தில் ஒரு தடவை ஊற்றி வேகவைத்து எடுப்பதைத்தானே ஈடு என்கிறோம், இந்தப் பிள்ளை அம்மோனியாவை ஈடு ஈடாக அவித்து எடுக்கிறது என்று சொன்னேன். அவரும் சிரித்தார். மோல் என்ற சொல்லே எங்கும் இல்லை. கிராம் என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. விடை மட்டும் கச்சிதமாக ஐம்பத்தொன்று. பக்கத்து பெஞ்சில் பார்த்து விடையை எழுதிவிட்டு, நடுவில் வாய்க்கு வந்ததை நிரப்பியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், பார்த்துக்கொள்ளுங்கள். சரியான விடையும் பழக்கமில்லாத வழியும் சேர்ந்து வந்தால், வாத்தியார் புத்திக்கு முதலில் தோன்றுவது காப்பி என்பதுதான்.

சமன்பாட்டுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். மீதி அரைப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கூட்டிப் பார்த்தபோது மொத்தம் பதின்மூன்று வந்தது. எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு இன்னும் இரண்டு வேண்டும். அந்த இரண்டு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று திரும்பத் தேடிப் பார்ப்பது எங்கள் மேசையின் வழக்கம், முதன்மைத் தேர்வாளர் அம்மா ஏற்படுத்திய வழக்கம் அது. அன்று நான் தேடவில்லை. கடைசி பஸ் கூட்டத்துக்கு முன்னால் உட்கார இடம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். கட்டைக் கட்டினேன், அவரும் என் மேல் வைத்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டார், கட்டு போய்விட்டது.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஐம்பத்தொன்று மண்டையை விட்டுப் போகவில்லை. காப்பி என்றால் யாரைப் பார்த்து? ஒரே கட்டில் வருபவை பெரும்பாலும் ஒரே அறையில் எழுதியவை. அந்தக் கட்டில் இந்தக் கேள்வியை எடுத்தவர்கள் மொத்தமே மூன்று பேர். ஒன்று அறுபத்தைந்து, இன்னொன்று அறுபத்தெட்டு. ஐம்பத்தொன்று என்று எழுதிய தாள் அது ஒன்றுதான். இதை நினைத்ததும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். ஆனாலும் தாள் வேறு அறையில் இருந்து வந்திருக்கும், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வழக்கமாகச் சாப்பிடும் தள்ளுவண்டிக்குப் போனேன். ஓமந்தூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தர் போடும் கடை அது. விவசாயக் கூலி வேலை குறைந்துபோன பிறகு இட்லிக்கு வந்தவர். முதல் பஸ்ஸில் மாவுத் தூக்கோடு வந்து இறங்குவார். அன்று அவருக்கும் பக்கத்தில் நின்ற லாரிக்காரர்களுக்கும் பேச்சு. அவர்கள் இன்னும் நாலு பேர் வருகிறார்கள், நாற்பது இட்லி வேண்டும் என்றார்கள். அக்கா சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"மாவு ரெண்டு ஈட்டுக்கு இருக்குதுங்க. கேஸ் ஒரு ஈட்டோட நின்னுடும். ஒரு ஈடுதான் வரும். மீதி மாவ வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஜல்தி சொல்லுங்க, வேற ஆளு காத்துக்கினு இருக்குது."

கையில் பிட்ட இட்லியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். இருப்பதை எல்லாம் கூட்டவில்லை அவர். எது அதிகம் எது குறைவு என்றும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் எத்தனை ஈட்டுக்கு வரும் என்று தனித்தனியாகப் பார்த்தார், எது முதலில் நிற்குமோ அதைப் பிடித்துக்கொண்டார். நாம் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிப் போடுவதன் உயிரே அதுதான். ஒவ்வொரு வினைபொருளின் மோலையும் சமன்பாட்டில் உள்ள அதன் எண்ணால் வகுத்துப் பார் என்று சொல்கிறோமே, வகுத்து வரும் எண் என்ன என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அது எத்தனை ஈடு என்பதுதான். இத்தனை வருடம் நடத்தியும் எனக்கு அப்படிச் சொல்ல வந்ததில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறது. அதன் மேல்தான் நான் சிவப்புக் கோடு போட்டேன்.

அழுகை வந்தது என்று எழுதுவதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வந்தது. காரச் சட்னி என்று அக்காவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மூளை வேறு வேலையைத் தொடங்கிவிட்டது. நேற்றுத் திருத்திய கட்டுகளின் மதிப்பெண்களை இன்று காலை பத்து மணிக்குக் கணினியில் ஏற்றத் தொடங்குவார்கள். ஏற்றிவிட்டால் முடிந்தது. ஏற்றுவதற்கு முன் கட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால், நான் தவறாகத் திருத்தினேன் என்று என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்டு மெமோ வரும். தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் அந்த வருடம்தான் மேலே வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. துணைத் தேர்வு இருக்கிறது, அந்தப் பிள்ளை மறுபடி எழுதிக்கொள்ளும் என்றும் நினைத்தேன். ஆம், நினைத்தேன். நினைக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. முன்னால் ஏகப்பட்ட வண்டிகள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தோற்ற பிள்ளை மறுபடி எழுதும் என்று யார் சொன்னது? பதின்மூன்று வாங்கிய எத்தனை பிள்ளைகள் என் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரியும். மரக்காணம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பையன், ஒரு பாடத்தில் போனதும் படகுக்குப் போய்விட்டான். இன்னொரு பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம். எனக்குப் போவது ஒரு பதவி உயர்வு. அந்தப் பிள்ளைக்குப் படிப்பே போய்விடும். வண்டி நகர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன், அதற்குப் பிறகு பஸ் நகராததுதான் தாங்க முடியவில்லை.

முகாமுக்குள் நான் நுழையும்போது பத்துக்கு ஐந்து நிமிடம். எங்கள் முதன்மைத் தேர்வாளர் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அனந்தபுரத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் எங்களுக்கு நாக்கு வறண்டுவிடும். அந்த மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்த நேரம். ஒரு கீறலும் இல்லாத பணிப்பதிவேடு அவருடையது.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். எழுந்து நேராக மதிப்பெண் பதிவு அறைக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். முகாம் அலுவலர் எங்களை நடுக்கூடத்தில் நிறுத்தி, எல்லார் காதிலும் விழும்படி என்னை ஒரு பிடி பிடித்தார். கையெழுத்துப் போட்ட கட்டைத் திரும்பக் கேட்கிறீர்களே, இது என்ன காய்கறிக் கடையா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே அம்மா தன் கையால் இரண்டு வரி சேர்த்தார். மறுபார்வை செய்ய வேண்டிய நானும் கவனிக்கவில்லை, எனக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெறப் போகிற நேரத்தில் வேண்டாம் மேடம், தப்பு என்னுடையது என்று நான் கெஞ்சினேன்.

"கட்டு மேல என் கையெழுத்தும் இருக்குது இல்ல சார்?" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

எங்கள் மேசைக்குக் கட்டு வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பிரித்தார். ஆள்காட்டி விரலை வரிக்கு வரி வைத்து, சின்னப் பிள்ளை வாசிப்பதுபோல நிதானமாகப் படித்தார். என் சிவப்புக் கோடு போய் முடிகிற இடத்தில், கோட்டுக்கு அடியிலேயே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை நான் முந்தின நாள் படிக்கவே இல்லை. "நைட்ரஜன் அரை ஈடு மிச்சம். 14."

"கேள்வியில மிச்சம் கேட்டிருக்குதா சார்?"

இல்லை என்றேன்.

"பாத்து எழுதுற புள்ளைக்கு மிச்சம் எதுக்கு சார்? மிச்சத்த எடுத்து வெக்கிற வீட்டுப் புள்ளை இது."

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு இருந்த குற்ற உணர்ச்சியில் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுங்கள் என்றேன். அதற்குத்தான் அன்று நான் திட்டு வாங்கினேன். உங்க மனசு ஆறணும்னு மார்க் போடாதீங்க சார் என்றார். சமன்பாட்டுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, காரணிக்கு ஒன்று, விடைக்கு ஒன்று, வழிக்கு உள்ள இரண்டில் ஒன்று. மோல் என்றோ கிராம் என்றோ எழுதாததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்காக எழுதிய பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்றார். பச்சை மையில் நான்கு என்று போட்டார். மொத்தம் பதினாறு. பிறகு என்னை உட்கார வைத்து, முந்தின நாள் நான் திருத்திய இரண்டு கட்டுகளையும் முழுக்க மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அன்று டீ வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

மெமோ வந்தது. பதில் எழுதினேன். என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. இதனால்தானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஓய்வூதியம் சிக்கலில்லாமல் வந்துவிட்டது, அந்தச் செய்தி தெரிந்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். விடைக்குறிப்பை மதியுங்கள், அது இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு நியாயம் பேசுவோம். ஆனால் உங்களுக்குப் பழக்கமில்லாத வழியில் ஒரு பிள்ளை சரியான இடத்துக்கு வந்து நின்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த வழியிலேயே ஒரு தடவை நடந்து பாருங்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டு போனால் ஒன்றும் ஆகிவிடாது. தப்புச் செய்துவிட்டால் பத்து மணிக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.

முகாம் முடிந்த நாள் காலையில் மேம்பாலத்து அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு பிள்ளை பரீட்சையில் ஈடு கணக்கு எழுதியிருந்தது, நான் தப்பு என்று அடித்துவிட்டேன், உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது என்றேன். அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பாஸா சார்?"

பாஸ் என்றேன். இதைக் கேட்டுவிட்டு, நான் கேட்காமலே என் தட்டில் இரண்டு இட்லி வைத்தார். மாவு ஊற்றினார், மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு யாரு சார் சொல்றது? தினம் அடுப்பாண்ட நின்னுக்கினு ஈடு எடுத்தவ அவதான? அவளுக்கு இது தெரிய வேணாமா?"

அந்தப் பிள்ளையின் அம்மா இட்லிதான் சுட்டாரா என்று எனக்குத் தெரியாது. அப்பாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். எந்த ஊர் என்றே தெரியாதே, எப்படிச் சொல்வது அக்கா என்று கேட்டேன். அக்கா அடுத்த ஈட்டுக்கு மாவு எடுத்தார்.

நீங்கள் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா இருக்கிற ஊராகக்கூட இருக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கு அடுப்பு வேலையை முடித்துவிட்டு, கடைசி பெஞ்சில் வந்து உட்காரும் ஓர் அம்மாவைப் பார்த்தால், என் சார்பில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை நன்றாக எழுதியிருந்தது. மிச்சத்தையும் மறக்காமல் எழுதியிருந்தது.